செலினம்மாளுக்குக் கிடைக்காத வில்லை

சிக்கந்தராபாத்தில் வீட்டுத் தரகர்கள் எல்லாரும் வீட்டை வாசலிலிருந்து காட்ட ஆரம்பிப்பார்கள். செலினம்மாள் கக்கூசிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டுக்காரர் முன்னறைத் தூணைத் தட்டித் தேக்கு என்று பீற்றிக்கொண்டிருக்கும்போதே இவர் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார். திரும்பி வந்து, "நக்கோ தம்பி, பின்னாடி சாக்கடை தேங்கி நிக்குது, புழு நெளியுது" என்றால் அந்த வீடு அத்தோடு சரி. வீட்டுக்காரர் முகம் எப்படிப் போனால் அவருக்கென்ன?

1943 தொடக்கத்தில் எனக்கு லாலாகுடாவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். நான் பத்மநாபன், கும்பகோணத்துக்காரன், அப்போது இருபத்துமூன்று வயது. டைப்பிஸ்ட் வேலைக்கு வந்திருந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், சொன்னால் வாய் நாறும். மதராஸில் ஹிந்திப் பரீட்சை ஒன்று பாஸ் செய்திருந்தேன். அதைக் காட்டித்தான் வேலையே கிடைத்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டேன்.

செலினம்மாள் விரும்பித் தரகரானவர் இல்லை. அவர் புருஷன் எட்மண்ட் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்து டைபாய்டில் போய்ச் சேர்ந்தார். ஒரு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரே மகள் கனகமணியைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பத்தோரு வீடு ஏறி இறங்கியிருக்கிறார். மீன் சமைப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். தாலியறுத்தவள் முகத்தில் விழிக்கமுடியாது என்றாள் ஒருத்தி. ராத்திரியில் யார் யார் வந்துபோவார்கள் என்று ஒரு பெரிய மனுஷன் கேட்டானாம். அவன் வாசற்படியிலேயே காறித் துப்பிவிட்டு வந்திருக்கிறார். நான் அங்கே இருந்திருந்தால் நானும் துப்பியிருப்பேன் என்று எழுத ஆசைதான். நான் துப்புகிற ஜாதி இல்லை என்பது போகப்போகத் தெரியும்.

நாற்பத்திரண்டாவது வீடு கிடைத்தபோது, மற்ற நாற்பத்தொன்றும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. எதில் கிணறு உப்பு, எதில் கூரை ஒழுகும், எந்த வீட்டுக்காரன் கை நீளம், எல்லாம் தெரியும். ஒர்க்ஷாப்புக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. கொடுத்ததை வாங்கிக்கொள்வார். அதில்தான் மகள் கான்வென்டில் படித்தாள்.

யுத்தம் வந்தது. திருமுல்கேரி முழுக்கப் பட்டாளம். ஊரில் எலி வளைக்குக்கூடக் கிராக்கி. தரகர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் போயிற்று. உடனே ஒரு சட்டம் போட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் இனி எவரும் வீடு பிடித்துக் கொடுக்கக்கூடாது, மீறினால் ஜெயில். லைசென்ஸ் பெற்றவருக்கு நம்பர் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தருவார்கள், அதை மார்பில் குத்திக்கொள்ளவேண்டும். கொள்ளையைத் தடுக்க வந்த வில்லை யாருக்கு முதலில் கிடைத்தது என்கிறீர்கள்? சந்திரமோகனுக்கு. குடிவருகிறவனிடமும் வாங்கி, குடிவைக்கிறவனிடமும் வாங்கி, மாட்டுக் கொட்டகையைச் சமையலறை என்று காட்டுகிற சந்திரமோகனுக்கு, ஒரே வாரத்தில். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் வீட்டுக்கு அந்த வாரம் இரண்டு கூடை மாம்பழம் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

செலினம்மாளுக்கு நான்கு மாதம் இழுத்தார்கள். போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சீட்டு வேண்டும். அதற்கு அந்தத் தாணாக்காரன் கேட்ட கேள்விகளை நான் காகிதத்தில் எழுதமாட்டேன். அப்புறம், சொந்த வீடு உள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். அவரால் குடிவந்த அறுபது குடும்பமும் அவருக்காக உயிரைக் கொடுக்கும். ஆனால் அறுபதும் வாடகைக் குடித்தனம். வீட்டுக்காரர்களோ, "என் கக்கூசை நாறுதுன்னு சொன்ன பொம்பளைக்கு நான் கையெழுத்துப் போடுறதா?" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒருவரைப் பாதிரியார் பிடித்துக் கொடுத்தார். இன்னொருவர் ஜுலைகா பீ, செலினம்மாள் திட்டியதால் கிணற்றைத் தூர்வாரிய ஒரே வீட்டுக்காரி.

கடைசியாக ஒரு பிரமாணப் பத்திரம். காலியாக உள்ள ஒரு வீட்டைப் பற்றி எல்லா விவரமும் எழுதிக் கையெழுத்திடவேண்டும். எங்கள் ஆபீஸ் துரை நேரில் விசாரிப்பார். ஒரு வரி பொய்யானாலும் லைசென்ஸ் ஆயுளுக்கும் கிடையாது. இங்கிலீஷில் இருக்கவேண்டும் என்பதால் என்னிடம் வந்தார்.

"ஜுலைகா பீயோட சின்ன வீட்டையே போடுங்க தம்பி. மூணு ரூமு, கிணறு தனி, கக்கூசு சுத்தம். பர்சோ காலியாச்சு."

"பர்சோவா?"

"ஹவ், பர்சோ."

எனக்கா தெரியாது? பரீட்சை பாஸ் செய்தவனாயிற்றே! பர்சோ என்றால் முந்தாநாள். விரல்விட்டு எண்ணி, ஜூலை மாதம் பத்தாம் தேதியிலிருந்து காலி என்று டைப் அடித்தேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும், கைக்கூ, எதுக்குப் படிக்கணும்?" என்று தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து எங்கள் ஆபீஸ் சேவகர் பீடி குடித்துக்கொண்டே கதை சொன்னார். பர்சோ மூசி நதி ஊருக்குள் வந்தபோது அவருடைய அப்பா புளியமரத்தில் ஏறித் தப்பித்தாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூசியில் அந்த வெள்ளம் வந்தது 1908இல். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நடந்தது எப்படி ஐயா பர்சோ ஆகும் என்றேன். அவர் என்னை ஒரு பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நேத்து இல்லேன்னா பர்சோதானே சாப்" என்றார். இந்த ஊரில் நேற்றுக்கு முன்னால் நடந்ததெல்லாம் பர்சோ. அதற்குக் கெடு கிடையாது.

அன்றைக்கே ஜுலைகா பீயின் தெருவுக்குப் போய் விசாரித்தேன். வீடு போன பக்ரீத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஏழு மாதம்.

ஹெட்கிளார்க்கிடம் போய், தவறு என்னுடையது என்று ஒரு வரி சொன்னால் போதும். காகிதத்தை மாற்றியிருப்பார்கள். ஆனால் அந்த மாதக் கடைசியில்தான் எனக்கு வேலை நிரந்தரமாகவேண்டும். ஹிந்தி தெரியும் என்று சேர்த்தவனுக்கு முந்தாநாள் எது என்றே தெரியவில்லை என்று போனால்? துரை எங்கே தேதியைப் பார்க்கப்போகிறார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

விசாரணை நாளன்று செலினம்மாள் சலவைப் புடவை கட்டி, குடையை மடித்து வைத்துக்கொண்டு நின்றார். துரை கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில். நான் பெயர்த்துச் சொன்னேன். எந்தச் சுவரில் ஓதம், எத்தனை முழக் கயிறு விட்டால் தண்ணீர், எல்லாம் சரி. துரைக்கே திருப்தி, பேனாவை எடுத்துவிட்டார். அப்போது வேறு வேலையாக வந்தவன்போல ஓரத்தில் நின்றிருந்த சந்திரமோகன் கனைத்தான்.

"மன்னிக்கணும் சார், அந்த வீடு ஏழு மாசமா பூட்டிக் கிடக்கு. ஊருக்கே தெரியும். தேதி பொய்."

துரை காகிதத்தைப் பார்த்தார். வீடு எப்போது காலியானது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அதான் சொன்னேனே தம்பி, பர்சோ" என்றார் செலினம்மாள், சிரித்த முகமாக.

துரை என் பக்கம் திரும்பினார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அறையில் இருந்த ஹெட்கிளார்க்குக்குத் தெரியும். கதவருகே நின்ற சேவகருக்குத் தெரியும், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும்.

"முந்தாநாள், சார்" என்றேன்.

சிவப்பு மையில் முத்திரை விழுந்தது. சந்திரமோகன் மார்பில் வில்லை பளபளவென்று இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருப்பான் போலும்.

வெளியே படியில் செலினம்மாள் எனக்காகக் காத்திருந்தார். "என்ன தம்பி சொல்லிட்டாங்க?"

"தேதியில ஒரு குழப்பம்மா. நான் துரைகிட்டத் தனியாப் பேசிச் சரிபண்ணிடறேன். கவலைப்படாதீங்கோ."

"நீங்க நல்லா இருப்பீங்க தம்பி" என்று என் தலைக்கு நேராகக் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் நன்றாகத்தான் இருந்தேன். வேலை நிரந்தரமாயிற்று. அந்த துரை இரண்டு மாதத்தில் பர்மா எல்லைக்கு மாற்றலாகிப் போனார். அதுவரை தினமும் காலையில், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். லாலாகுடாப் பக்கம் செலினம்மாள் எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடுவேன்.

1946இல் கல்யாணமாகிப் பெரிய வீடு தேவைப்பட்டது. சட்டப்படி வில்லைக்காரனிடம்தானே போகவேண்டும்? சந்திரமோகனிடம் போனேன். வெட்கம் கெட்டவனுக்கு வழி எதுவாயிருந்தால் என்ன? "நான் எங்க சார் நடக்கறேன், ஆள் அனுப்பறேன், பாத்துக்கோங்க" என்றான்.

சாவிக்கொத்தும் குடையுமாக வந்து நின்றது செலினம்மாள். தலை பாதி நரைத்திருந்தது. மூன்று வருஷமாக வீடு தேடுவது இவர், பேசி முடிப்பது இவர், கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கிக்கொள்வது அவன். கனகமணி படிப்பை விட்டுவிட்டுத் தையல் கடைக்குப் போகிறாளாம். அவராகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார்.

கதவைத் திறந்ததும் வழக்கம்போல நேரே கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கலாம் தம்பி. சுத்தமா இருக்கு."

நான் சாவிக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவந்து சற்று நிறுத்தினார். குத்திக்காட்டினாரா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"பர்சோ அந்த துரைகிட்டப் பேசறேன்னு சொன்னீங்களே தம்பி, பேசினீங்களா?"

இந்தத் தடவை எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்கவேண்டியிருக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.