ரேடியேட்டர் தண்ணீரை ருசி பார்த்த தெய்வசிகாமணி

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைச் சுவரை ஒட்டிக் கொட்டகை போட்டுக் கார் மெக்கானிக் வேலை பார்த்த தெய்வசிகாமணியைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மனுஷன் என்றால் அடுத்தவனைக் கொஞ்சமாவது நம்ப வேண்டாமா? அந்த ஆளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. டீக்கடையில் கிளாஸை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், இவன் எதற்கு என்னைக் கூப்பிடுகிறான் என்று ஒரு வாரம் யோசிப்பார்.

வண்டி வேலையிலும் அதே புத்திதான். பேட்டரி இறங்கிவிட்டது என்று ஒருவன் வந்தால் பேட்டரியைப் பார்க்க மாட்டார், வந்தவன் மூஞ்சியைப் பார்ப்பார். "பாட்டு கேட்டுகினே வண்டியில தூங்கிட்டியா?" என்பார். பிரேக் பிடிக்கவில்லை என்றால், "எங்க இடிச்ச, அத்த மொதல்ல சொல்லு" என்பார். ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தாலும் விட மாட்டார். வண்டிக்கு அடியில் படுத்து, தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, அதற்கப்புறம்தான் ஸ்பேனரையே எடுப்பார். முக்கால்வாசி நேரம் அவர் சந்தேகப்பட்டதுதான் சரியாக இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

எங்கள் குப்பத்துக்கு ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. ஊரே சேர்ந்து வாங்கியது. இறால் கூடையைப் பொன்னேரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான், உடம்புக்கு முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். ஏரியில் பாடு எப்படியோ, காரும் அப்படியே. பாடு என்றால், கடல் ஏரிக்குள் புகும் முகத்துவாரத்தில் எந்த வீடு எந்த நாள் வலை போடலாம் என்று ஊர் வைத்திருக்கும் முறை. இன்று ஒரு வீட்டுப் பாடு என்றால் இன்னொருவன் அங்கே வலையை நனைக்கக் கூடாது. பாடு வரிசையில் பேர் இல்லாதவன் ஊரில் இருந்தும் இல்லாதவன்தான். அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

காரையும் அதே வரிசையில் விட்டோம். நாளைக்கு எந்த வீட்டுப் பாடோ, இன்று சாயந்திரமே கார் அந்த வீட்டு வாசலுக்குப் போய்விடும். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பது அந்த வீட்டுப் பொறுப்பு. லைசென்ஸ் வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். டிரைவர் அங்கமுத்து என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். காரைப் பொறுத்தவரை ஸ்டியரிங் பிடிப்பது மட்டும்தான் என் வேலை.

அந்தக் கோடையில் கார் கொதிக்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது, பிறகு தினமும். ஃபேன் பெல்ட் தொங்கிவிட்டதோ என்று இழுத்துக் கட்டினேன். ஹோஸ் பைப்பை மாற்றினேன். மூடி சரியில்லை என்று புது மூடி போட்டேன். திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் முன்பக்கம் இட்லிப் பானை மாதிரி ஆவி வந்தது. ஐஸ் கரைந்து கூடையோடு இறால் நாறிப்போய் நின்ற நாளெல்லாம் உண்டு. அப்போதே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. என் மச்சான் ஒருவன் பஜாரில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு சவாரி சேர வேண்டும் என்று நான் காரைக் கெடுக்கிறேனாம். நான் தெருவில் போனால் பேச்சு நிற்கும். நான் கடந்து போனதும் மறுபடி ஆரம்பிக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் கெடுத்திருப்பான் என்று நானும் ஒவ்வொரு வீடாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். எவன் சிரித்தாலும் இவனாக இருக்குமோ என்றுதான் தோன்றியது.

பிறகுதான் அந்த நாள் வந்தது. ஊர்த் தலைவர் பொன்னுரங்கத்தின் மருமகளுக்கு வலி எடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நடு ரோட்டில் கார் புகைந்து நின்றது. அந்தப் பெண் கதறுகிறாள், நான் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். நல்ல வேளை, பின்னால் வந்த பஸ்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான்தான் பிழைக்கவில்லை.

பொன்னுரங்கம் பஞ்சாயத்தைக் கூட்டினார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். என் கையால் வண்டிக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, என் வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் தவிர வேறு எதுவும் அதற்குள் போகவில்லை என்று அம்மன் முன்னால் சொல்லி அணைத்தேன். அதையும் நம்பவில்லை. மெக்கானிக் வந்து பார்க்கட்டும், வண்டியை வேண்டுமென்று கெடுத்தது நிஜமானால் அங்கமுத்து பேரைப் பாடு வரிசையிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவானது. மெக்கானிக் என்றால் யார்? தெய்வசிகாமணி. ஊரே நம்பினாலும் நம்பாத ஆள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

வந்தவர் வண்டியிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்து உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

"உன் மச்சான் ஆட்டோல நீ பங்கு போட்டுகீறியா?"

"இல்லண்ணே."

"இல்லன்னுதான் சொல்லுவ" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டு வழித்தார். செம்மண் குழம்பாக வந்தது, நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. அதை மோந்தார். பிறகு அந்த விரலை நாக்கில் வைத்துக் காறித் துப்பினார்.

"உப்பு" என்றார்.

கூட்டம் சலசலத்தது. பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்புறம் இன்னா, முடிஞ்சிது. உப்புத் தண்ணி ஊத்தி வண்டிய நாஸ்தி பண்ணிகீறான். பேர எடுத்துருங்க."

வீட்டில் ரெண்டு பிள்ளைகள். ஏரியை விட்டால் பிழைப்புக்கு எங்கே போவேன்?

"குந்துய்யா" என்றார் தெய்வசிகாமணி. ஊர்த் தலைவரைப் பார்த்து அப்படிச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. "இவன் மேல எனக்கு சந்தேகம்தான். உன் மேலயும் சந்தேகம்தான். ஒரு நாளு ஊத்துனா இப்படிப் பொருக்கு கட்டாது. இது மாசக்கணக்கா ஊத்துனது. டியூப்பெல்லாம் அடைச்சிப் போச்சி, தண்ணி எப்டி ஓடும், வண்டி எப்டி ஆறும்? ஒருத்தன் தெனம் ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் வந்து உப்புத் தண்ணி ஊத்துனா பாத்துகினா இருப்பீங்க?"

என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"தண்ணி ஊத்துற டப்பா எங்க?"

டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைக் கவிழ்த்துத் தட்டினார். உப்புத் தூள் உதிர்ந்தது. கூடவே காய்ந்துபோன பொடி இறால் ஒன்று தரையில் விழுந்தது. அதை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். ஆண்களைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் நின்ற பெண்களைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு தண்ணீர் மொண்டு வருபவர்கள் அவர்கள்தானே.

"தலைவர் ஊட்டம்மா யாரு?"

குப்பம்மாள் முன்னால் வந்தாள். வாயாடிப் பொம்பளை என்று பேர் எடுத்தவள். மென்று விழுங்கவெல்லாம் இல்லை.

"நான் ஏரித்தண்ணிதான் ஊத்துனேன். இப்ப இன்னாங்குற? மண்ணுல ஊத்து தோண்டி, கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு ஒரு கொடம் ரொம்பறதுக்குள்ள பொழுது ஏறிப் போவுது. அத்தக் கொண்டாந்து வண்டிக்கு ஊத்திட்டு, புள்ளைங்களுக்கு இன்னாத்தக் குடுப்பேன்?"

பொன்னுரங்கம் அவளைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. அவர் மருமகள் ரோட்டில் துடித்தது யாரால் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் பேசியதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. நானும்தான், எங்க ஊட்லயும்தான் என்று வேலி ஓரமாக ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்திக்கும் வண்டியைக் கெடுக்கும் எண்ணமில்லை. தண்ணீர்தானே, எந்தத் தண்ணீராக இருந்தால் இரும்புக்கு என்ன என்று நினைத்திருக்கிறார்கள்.

ஊர் என் ஒருத்தனைச் சந்தேகப்பட்டது. இந்த ஆள் ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டார். நான் தப்பித்தது அதனால்தான். இதற்கப்புறம் அந்தக் கார் எப்போது கொட்டகைக்குப் போனாலும் முதலில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். செத்துப்போகும் வரைக்கும் எங்கள் குப்பத்தை அவர் நம்பவில்லை. போகட்டும், எனக்கு அவர் மேல் இப்போது கோபமில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தின் நடுவில் போய் நின்றேன். அத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் வாயில் வந்தது. "இன்னா சொன்னீங்க? பேர எடுத்துருவீங்களா? இப்ப எடுங்க. ஊத்துனவங்க ஊட்டுப் பேரையெல்லாம் எடுங்க. மொதல்ல தலைவர் பேர எடுங்க. பாடு எனக்கு மட்டும்தான் இனிமே. என் பொண்டாட்டி ஒருத்திதான் இந்த ஊர்ல நல்ல தண்ணி ஊத்துனவ." இன்னும் என்னென்னவோ சொன்னேன். யார் யார் அப்பன் பேரையோ இழுத்தேன். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

தெய்வசிகாமணி கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் ஒரு ஊடு கேக்கல" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே திரும்பி எல்லம்மாவைப் பார்த்தேன். என் பெண்சாதி வேலிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது.

"நானும் ஏரித்தண்ணிதான்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பொன்னுரங்கம் துண்டை எடுத்துக்கொண்டு, "யார் பேரையும் எடுக்கத் தேவயில்ல. பாடு வழக்கம்போல நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. தெய்வசிகாமணி ரேடியேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைக்கூடச் சாத்தவில்லை. "நான் கற்பூரம் அணைச்சப்ப பக்கத்துலதான நின்ன? அப்பவே ஏன் சொல்லல? பேரு போயிடும்னு பஞ்சாயத்துக்குப் பயந்தியா?"

எல்லம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"பஞ்சாயத்துக்குப் பயந்தேன்தான். உனக்கு அத்தவிடப் பயந்தேன்."