கண்டியா, காலியா? புன்னைக்காயலில் கிடைத்த பதில்

இப்படித்தான் முடியும் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். இலங்கைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் புதுக்கோட்டையில், டீக்கடையில் நாலு பேர் காதுபடச் சொன்னேன். கடைசியில் காலிக்குத்தான் போவோம், அதையும் நாம் முடிவு செய்ய மாட்டோம், கடற்கரைதான் முடிவு செய்யும் என்றேன். கேட்ட நாலு பேரில் மூன்று பேருக்கு இப்போது ஞாபகம் இல்லையாம். நான்காமவர் ஊரில் இல்லை.

இலங்கை போக நினைக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பதும் இதே கேள்விதான். கையில் இருப்பது நாலு நாள், கண்டிக்குப் போகவா, காலிக்குப் போகவா? இரண்டும் பழைய நகரங்கள். கண்டி மலையில் இருக்கிறது. ராஜாக்கள் ஆண்ட ஊர், நடுவில் ஏரி, புத்தரின் பல்லை வைத்திருக்கிற கோயில். காலி கடலோரம். போர்த்துகீசியன் தொடங்கி, டச்சுக்காரன் பெரிதாகக் கட்டிய கோட்டை. இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அந்தக் கோட்டைக்குச் சுண்ணாம்பு போனதே எங்கள் கடற்கரைச் சிப்பியிலிருந்துதான். இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அதனால் புத்தகங்கள் என்னைக் கெடுக்கவில்லை.

கொழும்பிலிருந்து இரண்டு ஊருக்கும் ரயில் உண்டு. கண்டிக்கு மூன்று மணி நேரம் ஆகலாம், மலை ஏறும் பாதை. காலிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, கடலை ஒட்டியே ஓடும். நாலு நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொல்வார். பார்க்கலாம், ஜன்னல் வழியாக. என் மனைவி ஜெபமணிக்கு முழங்கால் தேய்மானம். எங்களுக்கு ஒரு ஊர்தான்.

அவளுக்கு ஊர் பார்க்கிற ஆசையும் கிடையாது. தம்பி துரையைத் தேட வேண்டும். நாசரேத்தில் படித்துக்கொண்டிருந்தவன், படிப்பை விட்டுவிட்டுத் தோணியில் வேலைக்குச் சேர்ந்தான். தூத்துக்குடியிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணியிலிருந்து இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தூரத்துச் சொந்தம் இருந்ததால், அங்கேதான் போயிருப்பான் என்று குடும்பம் நம்பியது. ஆனால் போகும்போது அவன் "காலி" என்று சொன்னதாக இன்னொரு பேச்சும் உண்டு. அதைக் கேட்டவர் அந்தத் தோணியின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர், அருளப்பன். புன்னைக்காயல்காரர். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனாலும் யாரும் நேரில் போய்க் கேட்டதில்லை. போனால் ஏதாவது பதில் வந்துவிடுமே என்ற பயம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். வாடகைக் கார், காத்திருப்போடு சேர்த்து இரண்டாயிரம். தூத்துக்குடியைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் ஏற ஏற வானம் எது, பாத்தி எது என்று தெரியாத ஒரே வெள்ளை. அன்றைக்கு வேலையாட்கள் யாரையும் காணோம். ஒரு உப்புக் குவியலை ஒட்டி யாரோ நிற்பது போலிருந்தது. கார் தாண்டியதும் அங்கே குவியல் மட்டும்தான்.

"ஏலே முருகேசா, அங்கன ஒருத்தன் நின்னாம்லா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"உப்பளத்துல உத்துப் பாக்காதீங்க அண்ணாச்சி. கண்ணு கூசுச்சுன்னா நீங்க நெனைக்க ஆளுதான் தெரிவான்."

பின்சீட்டில் ஜெபமணி கழுத்தைத் திருப்பி, பழையகாயல் வரும்வரை அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அருளப்பன் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். இளம் வயதில் சங்கு எடுக்க முங்கியவர், ஒரு காது கேட்காது. பேச்சைத் தொடங்க நான் என் கடல் அனுபவங்களைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன்.

"ராமேஸ்வரத்துல படகுல ஏறி வாந்தி எடுத்தவம்லாம் கப்பக்காரம்னா, நாங்கள்லாம் யாருவே?" என்றார் அவர்.

நான் வாந்தி எடுத்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஜெபமணியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "தண்டல், துரை என்ன சொன்னான்?" என்று நேராகக் கேட்டாள்.

அவர் நல்ல காதை அவள் பக்கம் திருப்பினார். "தப்பு எம்மேலதான் தாயி. ரெண்டு கேள்விய ஒரே மூச்சுல கேட்டுட்டேன். 'எங்கனல போற, சரக்கு அறை எப்படிக் கெடக்கு'ன்னு. ஏணில நின்னுக்கிட்டே 'காலி'ன்னான். எதுக்குச் சொன்னாம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"திருப்பிக் கேக்கலையா?"

"கேட்டேன். அப்பம் அவன் என் செவிட்டுக் காதுப் பக்கம் இறங்கிட்டான். பதில் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பான்."

பிறகு அவர், "அந்தத் தோணி இங்கனதான் கெடக்கு. உடைக்கப் போட்டிருக்காவ. பாக்கணும்னா பாத்துட்டுப் போங்க" என்றார்.

தாமிரபரணி கடலில் சேர்கிற இடத்தில், மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உச்சி வெயில். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் இரண்டு நிறமாக ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றன. காற்று இல்லை. அலைச் சத்தம்கூட எங்கோ பக்கத்து ஊரிலிருந்து வருவது போலிருந்தது. ஜெபமணி தோணியின் பலகை மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடலைங்க," என்றாள்.

நானும் தொட்டேன். கால் பொரிகிற மணலில் கிடந்த மரம், கிணற்றுச் சுவர் மாதிரி குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. உரக்க இல்லை, களைத்துப்போன குரல்.

"கண்டியா?"

பார்த்தாயா என்றும் எடுத்துக்கொள்ளலாம், அந்த ஊரா என்றும் எடுத்துக்கொள்ளலாம். யாராவது கேட்டால் பதில் சொல்கிற பழக்கத்தில் ஜெபமணி, "இல்ல" என்றுவிட்டாள்.

"அப்பம் காலி."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "உள்ள ஆளு இருக்கா, பாருங்க."

"எதுக்குளா? அதான் சொல்லியாச்சே."

"பைபிள்ல ஆண்டவர் கழுதை வாயிலகூடப் பேசியிருக்காரு. யார் வாயில வந்தாலும் நான் அவரு வார்த்தைன்னு எடுத்துக்கிடுவேன். ஆனா வாய் ஒண்ணு இருக்கணும். வாய் இல்லாத சத்தம்னா, அது என்னன்னு எனக்குத் தெரியும். துரைய இனிமே தேட வேண்டாம்னு அர்த்தம்."

அவளால் ஏற முடியாது. சாய்த்து வைத்திருந்த மர ஏணியில் நான் ஏறி எட்டிப் பார்த்தேன். ஒல்லியான ஒரு ஆள், காதில் பீடி, மடித்துக் கட்டிய நீல லுங்கி. பெயர் சவரிமுத்து. ஆணி பிடுங்குகிற கம்பியைக் காணோமாம். கூட வேலை செய்கிறவன் வெளியே நிற்கிறான் என்று நினைத்துக் கேட்டானாம். நான் மேலேயிருந்தே, "இருக்கான்ளா, பலகை பிரிக்கிற ஆளு" என்று சொன்னேன்.

ஜெபமணி அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பம் காலிக்கே போடுங்க" என்றாள். காலையிலிருந்து தொடாத இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, சட்னியோடு நாலு சாப்பிட்டாள். இன்னொரு பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "வேலை பாக்குத ஆளு, பசியோட இருப்பான். குடுத்துட்டு வாங்க" என்றாள். மறுபடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து ரயிலில் காலி. ஜெபமணி துரையின் பழைய போட்டோவைப் பெரிதாக்கி, பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். உங்களுக்கு என் யோசனை இதுதான். மலையும் குளிரும் வேண்டுமென்றால் கண்டி. கோட்டைச் சுவரில் கடலைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டுமென்றால் காலி. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், என்னை நம்ப வேண்டாம். புன்னைக்காயல் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள். உச்சி வெயிலில் ஆற்றுமுகத்துக்குப் போகாதீர்கள். அங்கே யாராவது ஏதாவது கேட்டால், ஆளைப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.

இதில் ஒரே ஒரு விஷயம் நான் சேர்த்தது. ஜெபமணி என் எழுத்தை வாசிப்பதில்லை, எல்லாம் புளுகு என்பாள், அதனால் இங்கே சொல்லலாம். பலகை குளிர்ந்திருந்தது நிஜம். அந்தக் குரல் நிஜம். சவரிமுத்துதான் இல்லை. நான் எட்டிப் பார்த்தபோது உள்ளே வெறும் மணல், ஒரு காலடிகூட இல்லாத மணல். இரண்டாவது தடவை பொட்டலத்தோடு உள்ளே இறங்கி, அதை ஒரு ஓரமாக வைத்து, "சாப்பிடு மாப்ள" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன்.