முக்கால் லிட்டர்

என் ஆய்வேட்டின் தலைப்பு ‘நவீனக் கவிதையில் நீர் என்னும் குறியீடு’. அதைப் பதிவு செய்தபோது என் கணவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. நாற்பது வயதில் எதற்கு முனைவர் பட்டம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார். “படிக்கட்டுமே, இன்னா இப்போ? நானா எழுதப் போறேன்?”

மூன்றாம் வருடம் அவருக்குக் கால் வீங்கியது. நாளெல்லாம் லாரியில் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். முகமும் வீங்கிய பிறகுதான் செங்கல்பட்டுக்குப் போனோம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

“ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். தண்ணி மட்டும் இல்லம்மா. டீ, மோர், ரசம், மாத்திரை முழுங்குற தண்ணி, எல்லாம் சேர்த்து.”

மறுநாள் காலை ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் அளந்து ஊற்றி, கோடு போட்டு, அடுப்பு மேடையில் வைத்தேன். அவர் டீ குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். மிச்சம் இருப்பதுதான் அவருக்கு. முதல் மாதம் அதை ஒரு விளையாட்டு போலத்தான் செய்தார். சாயங்காலம் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “இன்னும் இவ்ளோ கீது, பாத்துக்கோ,” என்பார். சித்திரை வெயில் வந்ததும் விளையாட்டு போய்விட்டது. மத்தியானத்துக்குள் பாட்டில் காலியாகிவிடும். அதற்குப் பிறகு வாயில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருப்பார். நான் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் பின்கட்டுக்குப் போய்க் குடிப்பேன். செம்பின் சத்தம் கேட்கக் கூடாது என்று மெதுவாகக் கீழே வைப்பேன்.

டயாலிசிஸ் நாட்களில் முதல் பஸ்ஸைப் பிடிப்போம். மெஷினில் நாலு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கவிதைத் தொகுப்புகளைப் படித்துப் பென்சிலால் குறிப்பெடுப்பேன். மழை என்றால் மன்னிப்பு. ஆறு என்றால் காலம். கிணறு என்றால் ஆழ்மனம். கடல் என்றால் மரணம், சில கவிஞர்களுக்குத் தாய். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பையிலும் என் பையில் இருப்பதைப் போலவே கோடு போட்ட பாட்டில் இருக்கும்.

ஒருநாள் நர்ஸ் என்னை உள்ளே இருக்க விட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா போட்டுகீறாங்க அதுல? படி, கேக்கலாம்,” என்றார் கணவர்.

தாகத்தைப் பற்றிய கவிதை அது. அதைப் படிக்க எனக்கு மனசில்லை. அவர் விடவில்லை. படித்து முடித்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நல்லாத்தான் கீது. ஆனா வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு எழுதிகீறாரு.”

சிரித்துவிட்டேன். பிறகு அந்தக் கவிதைக்கு நான் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தைத் திரும்பப் படிக்கவே முடியவில்லை.

ஒவ்வொரு முறையும் மெஷினில் போடுவதற்கு முன் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தங்கிய தண்ணீர். ஆவணியில் எடை சரசரவென்று ஏற ஆரம்பித்தது. ஒருநாள் நாலரைக் கிலோ. நர்ஸ் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா டீச்சர், நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? படிச்சவங்கதானே? கேட்டாருன்னு குடுத்துக்கினே இருப்பீங்களா?”

நான் கொடுக்கவில்லை. ஒரு வாய் கூட அதிகம் கொடுக்கவில்லை. அதைச் சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். வீடு திரும்பி, செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“எங்க குடிக்கிறீங்க?”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்கும் குரலில் கேட்டேன் என்பது இப்போது தெரிகிறது.

“குளிக்கும்போது,” என்றார். “தலைக்கு ஊத்திக்கும்போது வாயத் தொறந்துக்கினு நிப்பேன். சோப்புத் தண்ணி கூட உள்ள போவும். பரவால்லன்னு வுட்டுடுவேன்.”

மறுநாளிலிருந்து நானே குளிப்பாட்டினேன். முக்காலியில் உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றி, முகத்தை ஈரத் துண்டால் துடைத்துவிடுவேன். பத்து டன் மூட்டையோடு ஊர் ஊராக லாரி ஓட்டியவர் குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் “குளிர்து, வாணாம்,” என்றார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை கூடக் குளிக்கவில்லை. எடை குறைந்தது. நர்ஸ் என்னைப் பாராட்டினார்.

கார்த்திகையில் விடாமல் மழை. பெரிய ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கல் வழிந்தது. ஊரே குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். செங்கல்பட்டு ரோட்டில் ஒரு தரைப்பாலம் மூழ்கிப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அன்று அவருக்கு டயாலிசிஸ் நாள். நாளைக்குப் போகலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் விடிந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். நான் ஓடிப் போய்க் கதவைத் தட்டியதும் ஒரு கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார். நேர்வழி அடைபட்டிருந்ததால் வாலாஜாபாத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். பின்னால் காலிக் கோணிகளை அடுக்கி அவரைச் சாய்த்து, தார்ப்பாயை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பழையசீவரத்தைத் தாண்டும்போது பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அந்த ஆற்றில் வெறும் மணலைத்தான் பல வருடம் பார்த்திருக்கிறோம். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தண்ணிக்கு அடியில கீற மாதிரி கீது,” என்றார். “மேல வர முடில.”

அந்த வாரம்தான் நான் நான்காம் இயலை எழுதி முடித்திருந்தேன். அதன் தலைப்பு ‘மூழ்குதல்’. நவீனக் கவிதையில் மூழ்குதல் என்பது தன்னிலிருந்து பெறும் விடுதலை என்று பதினெட்டுப் பக்கம். தார்ப்பாயைப் பிடித்திருந்த கை மரத்துப்போன அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பதினெட்டுப் பக்கமும் எனக்கு நினைவில் இருந்தது. கிழித்துப் போட வேண்டும் என்ற கோபம் கூட வரவில்லை. பிழைத்தால் போதும் என்று இருந்தது.

பிழைத்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாகச் சொன்னார்கள். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

என் நெறியாளர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஒரு வருடத்தில் எத்தனை ஆய்வேடுகளைப் படிப்பாரோ, எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே பேசுவார். நான்காம் இயலை எடுத்துவிடுகிறேன் மேடம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். மேஜையில் இருந்த என் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

“எடுக்க முடியாதும்மா. ஆய்வுச் சுருக்கத்தில அஞ்சு இயல்னு குடுத்தாச்சு. நாலா குறைச்சா மறுபடி கமிட்டிக்குப் போகணும். உனக்குத் தெம்பு இருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப மாத்தி எழுது. உனக்கு உண்மைன்னு படுறதை எழுது. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

வீட்டில் அவரைக் கேட்டேன், அன்றைக்கு எப்படி இருந்தது என்று. சொன்னார். நான் படித்த எந்தக் கவிதையிலும் அது இல்லை. ஆனால் ஆய்வேட்டில் சேர்ப்பது எப்படி? அடிக்குறிப்பில் ‘கணவர்’ என்று போட முடியுமா? கடைசியில் விடுதலை என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். ‘இக்கவிதைகளில் மூழ்குபவர் எவரும் மூச்சுக்குத் தவிப்பதில்லை.’

வாய்மொழித் தேர்வுக்குக் கிடைத்த தேதி அவருடைய டயாலிசிஸ் நாள். இரண்டையும் மாற்ற முடியவில்லை. “நான் போய்க்கிறேன். இன்னா, வழி தெரியாதா எனக்கு? நீ போய் உன் வேலையப் பாரு,” என்று தனியாக முதல் பஸ் ஏறினார்.

காஞ்சிபுரத்தில், கல்லூரி அரங்கில் இருபது பேர் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். சம்பிரதாயமான கேள்விகளை முடித்துவிட்டு ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

“மூழ்குபவர் எவரும் மூச்சுக்குத் தவிப்பதில்லைன்னு எழுதியிருக்கீங்க. இது திறனாய்வு மாதிரி இல்லையே அம்மா. ஆதாரம் எதுவும் குடுக்கலையே?”

“பார்த்திருக்கேன் ஐயா,” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கை தட்டினார்கள். டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எங்கேயாவது சாய்ந்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது.

அங்கிருந்து நேராகச் செங்கல்பட்டுக்குப் போனேன். அவர் பஸ் ஸ்டாண்டில், கையில் பஞ்சு ஒட்டியபடி காத்திருந்தார். உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

“இன்னா கேட்டாங்க?” என்றார்.

“நிறைய கேட்டாங்க.”

“சொல்லு.”

சொல்லத்தான் நினைத்தேன். அவர் தலை அதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டது. எனக்கும் கண் சொருகியது. கண்டக்டர் வந்து கம்பியைத் தட்டும்போது வெயில் இறங்கியிருந்தது. பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

“உத்திரமேரூர் வந்து எவ்ளோ நேரம் ஆவுது. எறங்குங்கம்மா, வண்டி திரும்பணும்.”