கைதட்டலுக்குத் தூங்குகிற பிள்ளை

என் மகளுக்குக் காது குத்திய அன்றுதான் அவளுக்குக் காது கேட்கிறதா என்ற கேள்வியும் வந்தது. கேட்டவர் என் கணவரின் அக்கா, என் மதினி. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் இருக்கும் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில், சாதிசனம் அத்தனைபேர் முன்னாலும் கேட்டார்.

மொட்டை போட்ட களைப்பில் பதினோரு மாதப் பிள்ளை என் தோளிலேயே தூங்கிவிட்டாள். மைக்செட் பெட்டி இரண்டும் எங்களைப் பார்த்துத்தான் அலறிக்கொண்டிருந்தன. பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள என் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்த நேரம், கோயிலுக்குப் பின்னால் யாரோ அதிர்வேட்டைப் பற்ற வைத்தார்கள். நானே துள்ளிவிட்டேன். அங்கிருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. என் மகள் ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கினாள்.

"இதென்ன, புள்ள அசையக் காணோம்" என்றார் மதினி. பக்கத்தில் வந்து பிள்ளையின் காதோரம் இரண்டு முறை கையைத் தட்டினார். ஒரு தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் அடித்தார். "இந்தா, இதுக்குக் காது கேக்குதா?"

"தூங்குறா மதினி."

"வேட்டுக்கே முழிக்காத தூக்கம் என்ன தூக்கம்? வருசத்துக்கு நாப்பது புள்ளையப் பாக்குறவ நான். எனக்குத் தெரியாதா?" அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "நீ போடுறியே ஒரு பாட்டு, அதுதான் காதை அடைச்சிருச்சு."

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் தரையைப் பார்த்தார்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் மாதத்தில் டாக்டர் என்னைப் படுத்தே இருக்கச் சொன்னார். புதுக்கோட்டையில் எங்கள் திருக்கோகர்ணத்து வீட்டின் பின்னறையில் மின்விசிறியையும் போனையும் விட்டால் எனக்கு வேறு துணை இல்லை. எதையோ தேடப்போய் ஒரு பழைய கச்சேரிப் பதிவு வந்து நின்றது. அமெரிக்கக் கறுப்பினக் குழு ஒன்று. மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஃபங்க் என்று அந்த இசைக்குப் பெயர் போட்டிருந்தது. கிட்டார் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பேஸ் கிட்டார் அதற்கு அடியில் தன் வழியில் நடந்தது. ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியில் மட்டும் அத்தனை பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். பாடகர் கையை உயர்த்தினால் எல்லாம் நிற்கும். கூட்டம் கத்தும். மறுபடி அதே முதல் அடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதே பாட்டை ஸ்டுடியோவில் பதிந்ததையும் தேடிக் கேட்டேன். மூன்றே நிமிடம், துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. எனக்கு அது வேண்டாம். மேடையில் அது பன்னிரண்டு நிமிடம் போனது. டிரம்பெட்காரர் ஒருவர் முந்திக்கொண்டு ஊதிவிடுகிறார். பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்கிறது. அடுத்த சுற்றில் அவர் சரியாக வந்து சேர்ந்துகொள்கிறார். ஒருவரும் அவரை ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால் அடுத்த தீபாவளி வரை பேச்சு ஓடும்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் போனை வயிற்றின் மேலேயே வைத்தேன், முழுச் சத்தத்தில். பிள்ளை உதைத்தாள். சிரித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் மதினி கேட்ட அந்த நொடி, நினைவுக்கு வந்தது இதுதான்.

பிறந்த பிறகும் மத்தியானத் தூக்கத்துக்குத் தொட்டில் பக்கத்தில் அந்தக் கச்சேரிகள்தான். அடுத்த தெருவில் இருக்கும் மதினி பள்ளி விட்டு வருவதற்குள் நிறுத்திவிடுவேன். ஒருநாள் அரைநாள் விடுப்பில் வந்து கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "பேய் ஓட்டுற மாதிரி கத்துறான். இதையா புள்ளைக்குப் போடுற?" என்றார். படித்தவள்தான் நான், பொறியியல் முடித்தவள். "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லி, போனை அணைத்தேன்.

காதுகுத்துக்குப் பிறகு பாட்டை நிறுத்தினேன். பிள்ளை மத்தியானம் தூங்குவதையும் நிறுத்தினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று சாவியை ஆட்டினேன், டப்பாவைத் தட்டினேன். சில சமயம் திரும்புவாள். பல சமயம் விளையாட்டிலேயே இருப்பாள். திரும்பாதவற்றை மட்டும்தான் என் மனம் சேர்த்து வைத்தது. "கேக்குதுடி, சும்மா இரு" என்பார் கணவர். அக்காவின் எதிரில் அதைச் சொல்லமாட்டார்.

மதினி விடாப்பிடியாக நின்றதால் திருச்சியில் ஒரு பரிசோதனை மையத்துக்குப் போனோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, மதினிக்குக் கிடைத்தது. பிள்ளை அங்கே வந்துதான் தூங்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், பஸ்ஸில் வழியெல்லாம் அவள் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி விழிக்க வைத்துக்கொண்டு வந்தார். அதற்காக நான் அவரை வெறுத்தேன். அது தேவையாக இருந்ததற்காக இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

"நெத்தியில, காதுக்குப் பின்னாடி வயர் ஒட்டுவோம். அசையாமத் தூங்கணும், அப்பதான் மெஷின் சரியாக் காட்டும்" என்றார் பரிசோதனை செய்யும் பெண். சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த அறை. என் மூச்சு எனக்கே கேட்டது. அந்த அமைதியில் பிள்ளை கண்ணை அகல விரித்து மிரண்டாள். தூக்க மருந்து கொடுத்தார்கள். மதினி தாலாட்டுப் பாடினார், நன்றாகவே பாடினார். பிள்ளை அழுதாள். ஒரு மணி நேரம் போயிற்று.

"அடுத்தவங்க காத்திருக்காங்கம்மா. பத்து நாள் கழிச்சு வேணா வாங்க" என்றார் அந்தப் பெண்.

இன்னும் பத்து நாள் சாவி ஆட்ட என்னால் முடியாது. கைப்பையிலிருந்து போனை எடுத்தேன்.

"இங்கயுமா? ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றார் மதினி.

நான் அந்தப் பன்னிரண்டு நிமிடப் பாட்டைப் போட்டேன். கூட்டம் கத்தியது, டிரம்ஸ் விழுந்தது. பிள்ளையின் அழுகை அறுந்து நின்றது. மூன்றாவது நிமிடத்தில் கண் சொருகியது.

"பரிசோதனைக்கு முன்னாடி நிறுத்திடணும்" என்றார் அந்தப் பெண். சட்டென்று நிறுத்தினால் விழித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தி ஒவ்வொரு படியாகக் குறைத்தேன். ஒரு சுற்று, ஒரு படி. அப்போதுதான் கவனித்தேன். தூக்கத்திலும் அவளுடைய இடது கால் கட்டைவிரல் முதல் அடியில் மட்டும் லேசாக மடங்கியது. இன்னும் குறைத்தேன். மடங்கியது. கடைசிக்கு முந்தின படியில் எனக்கே பாட்டு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். விரல் மடங்கியது. மெஷின் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மெஷின் சொல்லும் வரை நம்பவில்லை.

"ரெண்டு காதும் நல்லா இருக்கு. சத்தத்துல தூங்கிப் பழகியிருக்கா, அவ்வளவுதான்" என்றார் அந்தப் பெண். கதவருகே போனதும் சேர்த்துச் சொன்னார்: "இருந்தாலும் போனைத் தள்ளி வச்சு, சவுண்டைக் குறைச்சுப் போடுங்க."

மதினிக்கு அந்தக் கடைசி வரி போதுமானதாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு சொந்தக்காரராக அழைத்தார். "காது நல்லா இருக்காம். நான் பிடிச்ச பிடியில நின்னதாலதான் வந்தோம், இல்லாட்டி இவ கூட்டிட்டு வாரவளா? அந்தப் பாட்டே கூடாதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

முதல் பாதி உண்மை. அதனால்தான் எனக்கு அதிகம் எரிந்தது.

"கூடாதுன்னு சொல்லல மதினி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல."

அவரிடம் அந்த ஒற்றைச் சொல்லை அதுவரை நான் சொன்னதில்லை. அவர் போனைப் பைக்குள் வைத்தார். டிரைவர் சினிமாப் பாட்டை உச்சத்தில் வைத்திருந்தார். மருந்து மயக்கத்தில் பிள்ளை என் தோளில் கிடந்தாள். மதினி மெதுவாகக் குனிந்து, அவள் காதோரம் மறுபடி ஒருமுறை கையைத் தட்டினார். பிள்ளை அசையவில்லை. "ம்" என்றார், எதையோ நிரூபித்துவிட்டதுபோல. நான் பிள்ளையை ஜன்னல் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் நான் ஒரு கரண்டியைக் கீழே போட்டேன். அது தவறி விழவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நீயுமா என்பதுபோல ஒரு எரிச்சல் இருந்தது அந்த முகத்தில். கரண்டியைக் கழுவி வைத்தேன். மத்தியானம் தொட்டிலைவிட்டுத் தள்ளி, ஜன்னல் ஓரத்தில் போனை வைத்து, சத்தத்தைக் குறைத்து, பாட்டைப் போட்டேன்.