உள்ளே சாதனம் இருக்கு

வெடிகுண்டைக் கண்டறியும் எங்கள் பிரிவில் பாதி வேலை காத்திருப்பதுதான். தலைவர்கள் யாராவது வந்தால் மேடைக்கு அடியில் தவழ்வோம். மற்ற நாட்களில் நாயைக் குளிப்பாட்டுவோம்.

அன்று கருங்கல் பேருந்து நிலையத்திலிருந்து அழைப்பு. நகலெடுக்கும் கடை வாசலில் ஒரு கறுப்புப் பை. கடையில் இருந்தவர் விருதுநகர் பக்கத்துக்காரர். ஒரு பெண் கடைப் பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, “அந்தப் பைய யாரும் தொடண்டாம், உள்ள சாதனம் இருக்கு” என்றிருக்கிறாள். மனிதர் அலறியடித்துப் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் திருவட்டாறுக்காரன். எங்களுக்குச் சாதனம் என்றால் சாமான். சந்தையில் வாங்கும் கத்தரிக்காயும் சாதனம்தான். இன்ஸ்பெக்டரோ தருமபுரிக்காரர். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த சாதனம் ஒன்றே ஒன்றுதான், வெடிப்பது.

நாய் மோந்து பார்த்துவிட்டு உட்காராமல் திரும்பியது. உட்கார்ந்தால்தான் உள்ளே வெடிமருந்து என்று பொருள். ஆனால் நாயை மட்டும் நம்பி நாங்கள் பையைத் திறப்பதில்லை. தூரத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிச் சிதறடித்துவிடுவோம். அதற்கான கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, போன் செய்த பெண்ணே தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள், கணவனோடு.

“சாரே, காப்பி எடுக்க வந்தப்ப மறந்து வச்சிட்டுப் போன பையி. இவருக்க பாஸ்போர்ட்டும் விசாவும் அதுலயாக்கும். சாய்ங்காலம் பிளைட்டு. நனைச்சிராதிங்க.”

நான் இன்ஸ்பெக்டரிடம் சாதனத்துக்கு எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னேன்.

“அவ்வளவு உறுதின்னா நீயே போய்த் திறக்கிறியா?” என்றார்.

“திறக்கிறேன் சார்” என்றுவிட்டேன். வாய்க்கொழுப்பு.

கனமான உடுப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். பிறந்தது முதல் பேசிய சொல். பாதி வழியில் அதன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பேச்சைப் பேசியே ஒருத்தி ஏமாற்ற மாட்டாளா? ஒளிப்பானேன், பயந்துதான் போனேன். ஜிப்பை இழுத்தேன். மீன் ஊறுகாய், ஏத்தங்காய் சிப்ஸ், நாலு கைலி. அடியில் பாஸ்போர்ட்.

கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எங்கள் ஆட்களே அவரைத் திருவனந்தபுரம் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். நல்ல காரியம் செய்த மிதப்பில் நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேருந்து திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், என் முகத்தைப் பாராமல் மெதுவாகச் சொன்னாள்.

“இனி ரெண்டு வருஷம் கழிச்சுதான் வருவாரு. நீங்க கொஞ்சம் தாமசிச்சுத் திறந்திருந்தா பிளைட்டு போயிருக்கும், இன்னிக்கி ஒருநாளாவது நிண்ணிருப்பாரு, சாரே.”