வளையம் மட்டும்

ஆமத்தூர் விலக்கில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. கூல்டிரிங்ஸ் கடையில் ஒரு டின் வாங்கிக் குடிக்கிறேன். கடையோரம் ஒருவர் குப்பைத்தொட்டியைக் கிளறி, ஒவ்வொரு அலுமினிய டின்னிலிருந்தும் திறக்கிற வளையத்தை மட்டும் திருகிப் பைக்குள் போடுகிறார். டின்னைச் சாக்கடையில் எறிகிறார். முப்பத்திரண்டு வரை எண்ணிவிட்டேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“டின்னை ஏன் எறியறீங்க? அதுவும் அலுமினியம்தானே. வளையத்தோட முழுசா பழைய இரும்புக் கடையில போட்டா உருக்கிடுவாங்க.”

“எடைக்குப் போட இல்லய்யா. பட்டாசுக் கம்பெனி விபத்துல எம் பொண்டாட்டிக்கு ஒரு கால் போச்சு. பத்தாயிரம் வளையம் சேத்துக் குடுத்தா செயற்கைக் கால் தர்றாகளாம்.”

“யார் சொன்னது?”

“போன்ல வந்துச்சு. எங்க தெருவே சேக்குது.”

அது வெறும் வதந்தி, அப்படி யாரும் தருவதில்லை என்று விளக்குகிறேன். கேட்டுக்கொண்டே இன்னும் மூன்று வளையங்களைத் திருகுகிறார்.

“அரசாங்கத்துக்கு மனு கொடுங்க. இலவசமாவே கிடைக்கும்.”

“மனுவா? ரெண்டு வருசமாக் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். எம்புட்டு தூரம் போயிருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக. வளையம்னா இன்னும் எத்தனை பாக்கின்னு நானே எண்ணிப் பாத்துக்கிடலாம்ல.”

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். என் கையிலிருக்கும் டின்னின் வளையத்தைத் திருகி அந்த மனிதரிடம் கொடுக்கிறேன். வெறும் டின் என்னோடு சிவகாசிக்கு வருகிறது.