கட் சொன்ன பிறகு கேட்டது

1. பேய் இல்லாத பேய்ப்படம்

முதல் நாள் முதல் டேக்கைக் கெடுத்தது அயிலை மீன். திருப்புறத்தில் படப்பிடிப்புக்கு எடுத்திருந்த வீட்டின் உரிமையாளர் தாசன், காலையில் பழைய மீனை வாங்கி வந்துவிட்டார். அவர் மனைவி செல்லம் அடுக்களை முற்றத்தில் நின்று அதை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தார்.

"இத வாங்கும்பம் மூக்க எங்க கொண்டு வச்சிருந்திய?"

"வேண்டாம்னா பூனைக்குப் போடு. பூனை ஒன்னப்போல பேசாது."

நான் சவுண்ட் ரிக்கார்டிஸ்ட். படம் சிங்க் சவுண்ட். அதாவது, நடிக்கும் இடத்தில் பேசுவதே படத்திலும் வரும். தாசனின் மூக்கு விவகாரம் மிகத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

எடுத்தது சைக்கலாஜிக்கல் ஹாரர். கோபத்தை விழுங்கி விழுங்கி ஒரு குடும்பம் நொறுங்கிப்போகும் கதை. "இந்தப் படத்துல யாரும் குரல உயர்த்த மாட்டாங்க. கோபம்தான் பேய்" என்றார் சென்னையிலிருந்து வந்த டைரக்டர் அர்விந்த். பேய்க்கு மேக்கப் செலவு மிச்சம் என்று தயாரிப்பாளர் பூரித்துப்போனார்.

அர்விந்தும் குரலை உயர்த்தாதவர். என் சர்வீஸில் என்னைத் திட்டாத முதல் டைரக்டர். யூனிட்டே அவரைத் தெய்வம் என்றது. கதாநாயகி மீரா அவருடைய மனைவி. தெய்வத்தின் மனைவி என்று எல்லோருக்கும் அவர்மேல் பொறாமை.

சத்தம் போட வேண்டாம் என்று செல்லத்திடம் கேட்கப் போன மேனேஜருக்குப் பதில் கிடைத்தது.

"எங்க வீட்டுல நாங்க சண்டை போடாம பின்ன யாரு போடுவா? இது எல்லா நாளும் உள்ளதாக்கும்."

சொல்லிவிட்டு, அதே மீனைப் பொரித்துத் தாசனின் தட்டில் வைத்தார். முள்ளையும் எடுத்துக் கொடுத்தார்.

2. இன்னும் உள்ளே

சாப்பாட்டு மேசைக் காட்சி. விருந்தினர் முன்னால் கணவன் மனைவியை மட்டம் தட்டுவான். அவள் சிரித்தபடி பரிமாற வேண்டும்.

"சூப்பர் மீரா. ஆனா இன்னும் உள்ள. கோபம் கண்ணுக்கு வரக் கூடாது."

மறுபடி எடுத்தோம். "இன்னும் உள்ள." மறுபடியும் எடுத்தோம். பிறகு அர்விந்த் மீராவின் காதருகே குனிந்தார். மீராவின் புடவைக்குள் சின்ன லேப்பல் மைக் இருந்ததால் அது என் ஹெட்போனில் விழுந்தது.

"வீட்ல நல்லாதானே பண்ற. இங்க மட்டும் என்ன?"

மீரா சிரித்தார். அடுத்த டேக் ஓகே ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

கட் சொன்னதும் மீரா தண்ணீர் குடிக்க அடுக்களை முற்றத்துக்குப் போனார். மைக்கை அணைக்க நான் கை நீட்டுவதற்குள் செல்லத்தின் குரல் கேட்டது.

"என்ன மக்களே, மொகம் இப்பிடி இருக்கு? நடிப்பா, உள்ளதா?"

"தெரியலக்கா." டம்ளரை வைக்கும் சத்தம். "நான் கத்தினதே இல்ல. கத்த வாயத் திறந்தா, உனக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட போலாமான்னு மெதுவா கேப்பார்."

பிறகு அழுகை. ஹெட்போன் என்னைத் தவிர இன்னொருவரிடமும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மானிட்டர் முன் அமர்ந்திருந்த அர்விந்த், ஓடட்டும் என்று எனக்குக் கை காட்டினார்.

நான் ரிக்கார்டரை நிறுத்தினேன். அவர் எழுந்து வந்தார்.

"ஏன் நிறுத்தினீங்க? எவ்வளவு உண்மையா இருந்துச்சு. கிளைமாக்ஸ்ல போட்டுக்கலாம்."

"சார், அது டயலாக் இல்ல."

"அவ என் ஒய்ஃப். நான் பாத்துக்கறேன்." என் தோளில் கை வைத்தார். "நீங்க டயர்டா இருக்கீங்க. ரெஸ்ட் எடுங்க."

நல்ல மனிதர். டாக்டரிடம் போகலாமா என்று மட்டும்தான் கேட்கவில்லை.

ரிக்கார்டரோடு நேரே முற்றத்திலிருந்த மீராவிடம் போனேன். "அம்மா, மைக் ஆன்ல இருந்தது. சாரும் கேட்டார். கொஞ்சம் பதிவாயிருக்கு. படத்துல போடணும்னு சொல்றார். என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

மீரா புடவைக்குள் மைக்கைத் தேடினார். செல்லம்தான் பேசினார். "பொண்டாட்டி அழுதத ஒளிச்சிருந்தா கேட்டான்? இதுக்குப் பேரு படமா?"

"அழிச்சிடுங்க" என்றார் மீரா. அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அவர் மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

"அது உன் படத்துக்கு இல்ல, அர்விந்த்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சொன்ன சத்தத்தில் தென்னந்தோப்பிலிருந்த தாசன் ஓடி வந்து, "செல்லம், நான் ஒண்ணும் செய்யலியே" என்றார்.

"எல்லாரும் பாக்கறாங்க மீரா" என்றார் அர்விந்த், மெதுவாக.

"பாக்கட்டும்."

3. பிறகு

மீரா படத்தை முடித்துக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. டைரக்டர் எது சொன்னாலும் யூனிட் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதன்பின் அர்விந்துக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. படம் வெளிவரும் முன்பே இருவரும் பிரிந்தார்கள். அடக்கிய கோபத்தை இவ்வளவு நுட்பமாக யாரும் காட்டியதில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அர்விந்த் தன் அடுத்த படத்துக்கு என்னை அழைக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் செய்தி வந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நடிகருக்கு மைக் மாட்டும்போது, அதை அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டிக் கொடுங்கள். டேக் கெட்டுப்போகும் என்று டைரக்டர் கத்துவார். கத்தட்டும். கத்துகிற டைரக்டரோடு எனக்கு இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.